கப்படோசியா குகை ஊர்கள்: அம்மாவையும் பசங்களையும் கூட்டிட்டுப் போனா எதைப் பாக்கணும், எதை நம்பணும்

துருக்கியில இருக்கிற கப்படோசியாவுக்கு நாலு நாள் குடும்பத்தோட போறோம், அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி உண்டு, பசங்களுக்கு 6 வயசும் 11 வயசும், பூமிக்கு அடியில குடைஞ்ச சுரங்க ஊர்கள்ல டெரின்குயு போறதா கய்மக்லி போறதா, 20,000 பேர் பூமிக்கு அடியில வருஷக்கணக்கா வாழ்ந்தாங்கங்கிறது நிஜமா, குகை எல்லாம் இடிஞ்சு விழாம இருக்குமா, இதான் உங்க கேள்வி. படிச்சுப் பாத்தா இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்குன்னு தோணுது. ஒண்ணு, மூணு தலைமுறையும் சேந்து பாத்து ரசிக்கிற மாதிரி எது இருக்கு, யாருக்கு எது கஷ்டம். இன்னொண்ணு, கைடு சொல்றதுல எவ்வளவு உண்மை. நான் படிச்சது புவியியல், பாறையில குடைஞ்ச கட்டுமானங்களோட பராமரிப்புல வருஷக்கணக்கா வேலை பாத்திருக்கேன், இந்தப் பகுதிக்கும் வேலையா போயிருக்கேன். அதனால கல்லைப் பத்தி, இடியுமா இடியாதாங்கிறதைப் பத்தி தைரியமா சொல்வேன். ஓவியம், மதம் சம்பந்தப்பட்டது என் துறை இல்ல, அந்த ஆய்வாளர்கள் எழுதினதைப் படிச்சுதான் சொல்றேன், அதை அந்தந்த இடத்துல சொல்லிடறேன்.

முதல்ல ஒண்ணைத் தெளிவா வச்சுக்கோங்க, அங்க நீங்க பாக்கப் போறது ஆதிமனுஷன் ஒதுங்கின இயற்கைக் குகை இல்ல. கிட்டத்தட்ட எல்லாமே மனுஷன் கையால குடைஞ்சது, அதுவும் பெரும்பாலும் விவசாயிங்க தங்களுக்காக குடைஞ்சுக்கிட்ட வீடு, தொழுவம், தானியக் கிடங்கு, கோயில். எர்சியெஸ், ஹசன் மாதிரி எரிமலைங்களும், இப்ப அடையாளமே தெரியாத பழைய எரிமலை வாய்களும் பல லட்சம் வருஷமா கக்கின சாம்பல் அடுக்கடுக்கா படிஞ்சு இறுகி டஃப்புங்கிற பாறையா ஆயிருக்கு. எர்சியெஸ் 3,917 மீட்டர் உயரம், வானம் தெளிவா இருந்தா ரொம்ப தூரத்துல இருந்தே பனியோட தெரியும், பசங்களுக்குக் காட்டி இங்க இருக்கிற கல்லெல்லாம் அந்த மாதிரி மலைங்க வயித்துல இருந்து வந்ததுன்னு சொல்லுங்க. மாமல்லபுரத்துல கருங்கல்லை உளியால கொஞ்சம் கொஞ்சமா செதுக்கி எடுத்ததை நினைச்சுட்டு இங்க வந்தா குழம்பிடுவீங்க, இது அப்படிப்பட்ட கல்லே இல்ல, சின்ன பிக்காஸ் இருந்தா ஒரு ஆள் தனியாவே ரூம் குடைஞ்சுடலாம், புதுசா வெட்டும்போது மெத்துன்னு இருக்கும், காத்து பட்டு ஈரம் காய காய மேல்பக்கம் கெட்டியாகிடும். அந்தப் பக்கம் மரம் கம்மி, கட்டடத்துக்கு உத்தரம் கிடைக்கிறது கஷ்டம், குடைஞ்ச ரூமோ வெயில்லயும் குளிருலயும் ஏறக்குறைய ஒரே சூட்டுல இருக்கும், அப்புறம் யார்தான் குடைய மாட்டாங்க.

அந்தக் கூம்பு கூம்பா நிக்கிற பாறைங்களும் இதே கதைதான். மேல ஒரு கெட்டியான கல்லு தொப்பி மாதிரி உக்காந்திருக்கும், அது மழையைத் தடுக்க தடுக்க கீழ இருக்கிற மெத்துக்கல்லு தப்பிக்கும், சுத்தி இருக்கிறதெல்லாம் கரைஞ்சு போயிடும். தொப்பி விழுந்துட்டா அந்தக் கூம்பும் மெதுவா கரைய ஆரம்பிச்சுடும். பாஷாபாக்ங்கிற இடத்துல ஒரே தண்டுல ரெண்டு மூணு தலை இருக்கிற கூம்பு நிக்குது, தொப்பி இருக்கிறது, சாஞ்சது, இல்லாதது மூணையும் ஒரே இடத்துல பாக்கலாம்.

சரி, யார் குடைஞ்சாங்க, எப்போ? கைடுங்க ஹிட்டைட்டுன்னு சொல்வாங்க, சில பேர் ஃப்ரிஜியர்னு சொல்வாங்க, ரெண்டுமே இந்தப் பக்கம் வாழ்ந்த பழங்கால மக்கள், கிமு 8ம் நூற்றாண்டு 7ம் நூற்றாண்டுன்னு போர்டுலயும் பாப்பீங்க. இதுல எதையும் நான் அடிச்சு சொல்ல மாட்டேன், காரணம் ரொம்ப எளிமையானது. கட்டடம்னா அதுல மரம், சுண்ணாம்பு, கரி ஏதாவது சிக்கும், காலத்தைக் கணக்கு போடலாம். குடையறதுங்கிறது இருக்கிறதை எடுத்து வெளிய கொட்டறது, வெறும் பள்ளத்துக்கு வயசு கண்டுபிடிக்க முடியாது, பின்னாடி வந்தவங்க அதையே இன்னும் அகலமா குடைஞ்சா முன்னாடி ஆள் போட்ட உளித்தடமும் போயிடும். கிரேக்க எழுத்தாளர் செனஃபோன் கிமு 401ல ஆரம்பிச்ச படையெடுப்பைப் பத்தி எழுதும்போது, கிணத்து வாய் மாதிரி வாசல் வச்சு உள்ள அகலமா இருக்கிற வீடுங்க, ஆடு மாடெல்லாம் கூடவே இருந்துச்சுன்னு சொல்றார், இதைக் கப்படோசியாவுக்கு சாட்சின்னு எல்லாரும் எடுத்துப் போடறாங்க. ஆனா அவர் அதைப் பாத்தது இன்னும் கிழக்க, ஆர்மீனியாவுல. அந்தப் பழக்கம் அனடோலியா பக்கம், அதாவது இன்னைக்கு துருக்கியோட ஆசியப் பகுதியில, பழசுன்னு வேணா சொல்லிக்கலாம், டெரின்குயுவைத்தான் சொன்னார்னு சொல்ல முடியாது.

உறுதியா சொல்லக்கூடியது இது. 7ம் நூற்றாண்டுல இருந்து 10ம் நூற்றாண்டு வரைக்கும் இந்த இடம் பைசாண்டியம்ங்கிற கிழக்கு ரோமப் பேரரசுக்கும் அரபு படைகளுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட எல்லைப் பகுதி, அடிக்கடி குதிரைப்படை வந்து சூறையாடிட்டுப் போகும். சுரங்க ஊர்கள் பெருசா வளந்தது அந்தக் காலத்தோடதான் நல்லா பொருந்துது. அப்புறம் கூட அதை யாரும் மறந்துடலை. கேம்பிரிட்ஜ்ல இருந்து வந்த டாக்கின்ஸ்ங்கிற மொழியியலாளர் 1909ல இருந்து 1911 வரைக்கும் இங்க கிரேக்கக் கிளைமொழியை ஆராய்ஞ்சுட்டு இருந்தார், 1909ல துருக்கியோட தெற்குல இருக்கிற அடானாவுல ஆர்மீனியக் கிறிஸ்தவங்களைப் படுகொலை பண்ணின செய்தி வந்ததும் அக்ஸோங்கிற ஊர் ஜனங்க ராத்திரியில சுரங்கத்துல போய் ஒளிஞ்சதா பதிவு பண்ணிருக்கார். 1923ல கிரீஸும் துருக்கியும் மக்களை மாத்திக்கிட்டப்ப அந்த கிரேக்கக் கிறிஸ்தவக் குடும்பங்க ஊரைவிட்டுப் போனாங்க, சுரங்கத்தோட நினைவும் அவங்களோடயே போச்சு. அதனாலதான் 1963ல டெரின்குயுல ஒருத்தர் வீட்டை ரிப்பேர் பண்ணும்போது சுவத்துக்குப் பின்னாடி வழி கிடைச்சுதுன்னு சொல்ற கதை அவ்வளவு ஆச்சரியமா போச்சு. ஜெல்வேங்கிற ஊர்ல பாறை வீட்டுல ஜனங்க 1952 வரைக்கும் குடியிருந்தாங்க, பாறை சரியுதுன்னு அரசாங்கம்தான் புது ஊருக்கு மாத்துச்சு. அதாவது உங்க அம்மா வயசுக்காரங்கள்ல சில பேரோட அப்பா அம்மா அந்தக் குகையில சமைச்சு சாப்பிட்டு வளந்தவங்க. இதை மனசுல வச்சுட்டுப் பாத்தா எல்லாமே வேற மாதிரி தெரியும், நான் இவ்வளவு நீளமா எழுதறதே இதுக்குத்தான்.

இப்ப அந்த 20,000 கணக்கு. டெரின்குயு சுமார் 85 மீட்டர் ஆழம்னு சொல்றாங்க, இன்னைக்கு எட்டு தளம் வரைக்கும் இறங்கலாம், முழுசா யாரும் தோண்டிப் பாத்ததில்ல. முழுசா தோண்டாத இடத்துக்கு மக்கள்தொகைன்னு ஒண்ணு சொன்னா அது மதிப்பீடுதான், அதுலயும் தாராளமான மதிப்பீடு. பத்தாயிரக்கணக்கான பேர் மாசக்கணக்கா உள்ளயே இருக்கணும்னா சாப்பாட்டை விடுங்க, கழிவு எங்க போச்சு, அடுப்புப் புகை எங்க போச்சு, இத்தனை மூச்சுக்குக் காத்து எப்படி வந்துச்சுன்னு கேட்டா கணக்கு உதைக்குது. காத்துக்குழாய், கிணறு, தொழுவம், திராட்சை மிதிக்கிற தொட்டி, பொதுச் சமையல் கூடம் எல்லாம் இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதெல்லாம் மேல வீடு இருக்கிற ஒரு ஊர் தினம் கிடங்காவும் தொழுவமாவும் வச்சுக்கிட்டு, ஆபத்து வந்தா சில நாள், மிஞ்சிப்போனா சில வாரம் உள்ள போய் கதவை அடைச்சுக்கிட்டதுன்னு வச்சுக்கிட்டா அழகா பொருந்துது. வருஷக்கணக்கா வெளிச்சமே பாக்காம வாழ்ந்தாங்கங்கிறதுக்கு நான் ஒரு ஆதாரமும் பாத்ததில்ல. அதே மாதிரி டெரின்குயுல இருந்து கய்மக்லிக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் சுரங்கப்பாதை இருக்குன்னு சொல்வாங்க, அதையும் நிரூபிச்ச விஷயமா எடுத்துக்காதீங்க. சுரங்கப் பாதையை அடைக்கிற கல் கதவு மட்டும் அப்பட்டமான உண்மை. ஆட்டுக்கல் மாதிரி வட்டமா, ஆள் மார்பு உயரத்துக்கு இருக்கும், நடுவுல ஒரு ஓட்டை, பக்கத்துச் சந்துல நிறுத்தி வச்சு உள்ள இருந்து மட்டும்தான் உருட்ட முடியும், வெளிய இருந்து தள்ள பிடிமானமே கிடையாது. உங்க 11 வயசுப் பையன் அது முன்னாடி நின்னு வெளிய இருந்து எப்படி திறப்பேன்னு யோசிக்கட்டும், கைடு சொல்றதுக்கு முன்னாடி அவனே கண்டுபிடிச்சுடுவான்.

டெரின்குயுவா கய்மக்லியா? உங்க குடும்பத்துக்கு கய்மக்லி. டெரின்குயு செங்குத்தா கீழ போற அமைப்பு, குறுகலான நீளமான படிக்கட்டு, பாதி வழியில எதிர்ல ஒரு பஸ் கூட்டம் ஏறி வந்தா குனிஞ்ச நிலையிலயே நிக்க வேண்டி வரும், முழங்கால் வலிக்கிறவங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். கய்மக்லில நாலு தளம்தான் திறந்திருக்கு, பக்கவாட்டுல பரவின ஊர், ஆழம் கம்மி. ஆனா அங்கயும் பாதை தாழ்வு, பல இடத்துல முதுகு வளைச்சுதான் போகணும், அம்மாவை முதல் தளத்துல தொழுவம் வரைக்கும் காட்டிட்டு யாராவது ஒருத்தர் கூட இருந்து மேல கூட்டிட்டு வந்துடறதுதான் நல்லது, மத்தவங்க பசங்களோட கீழ போகட்டும். மூச்சு முட்டற பயம் யாருக்காவது இருந்தா வற்புறுத்தாதீங்க, அந்த பயம் உள்ள போனப்புறம் குறையாது, கூடும். காலையில திறந்த உடனே போயிடுங்க. உள்ள வருஷம் பூரா கிட்டத்தட்ட 13 டிகிரி, வெளிய எவ்வளவு வெயிலா இருந்தாலும் ஸ்வெட்டர் வேணும், சின்னப் பையன் கையை விடாதீங்க, கிளைப்பாதை நிறைய. கரண்ட் போனா இருட்டு எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல, ஆளுக்கு ஒரு சின்ன டார்ச் வச்சுக்கோங்க.

பாதுகாப்பு விஷயத்துல நீங்க பயப்படறது தப்பான இடத்தைப் பாத்து. பூமிக்கு அடியில இருக்கிற ரூம்தான் இருக்கிறதுலயே நிலையானது, சுத்தி எல்லாப் பக்கமும் பாறை அணைச்சிருக்கு, மழையும் பனியும் தொடாது. சரியறது எல்லாம் வெளிய, பாறை முகப்புல. டஃப் காய்ஞ்சிருந்தா நல்ல பலம், தண்ணி குடிச்சுட்டா பலம் பாதி அளவுக்கும் கீழ போயிடலாம், அதுக்கு மேல குளிர்காலத்துல விரிசல்ல போன தண்ணி உறைஞ்சு ஆப்பு மாதிரி பிளக்கும். ஜனங்க குடியிருந்த வரைக்கும் வீட்டுக்கு மேல வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணியைத் திருப்பி விட்டுட்டு இருந்தாங்க, ஆள் போனா அதைத் தூர் வாரவும் ஆள் இல்ல. ஜெல்வேலயும் சவுஷின்ங்கிற ஊர்லயும் பாறை முகப்பு அப்படியே பேந்து விழுந்து உள்ள இருந்த ரூமெல்லாம் அலமாரி மாதிரி திறந்து கிடக்கறதைப் பாப்பீங்க. அதனால டிக்கெட் வாங்கி வேலி போட்ட பாதையில போற வரைக்கும் கவலைப்பட வேண்டாம், ஆனா பள்ளத்தாக்குல நடக்கும்போது வழியில தெரியற ஏதோ ஒரு ஓட்டைக்குள்ள பசங்க ஏறிப் போறதை அனுமதிக்காதீங்க, பாறை விளிம்புல நின்னு போட்டோ எடுக்காதீங்க, பலத்த மழை பெஞ்ச அடுத்த நாள் குறுகின பள்ளத்தாக்கு வேண்டாம்.

இன்னொண்ணு, நீங்க கேக்கலை, ஆனா நெட்ல தேடினா கண்ணுல படும், அப்ப பயந்துடுவீங்க. இந்தப் பகுதியில கரயின், துஸ்கோய், சரிஹிதிர்னு மூணு கிராமத்துல நுரையீரல் உறையில வர்ற மீசோதிலியோமாங்கிற கேன்சர் ரொம்ப அதிகமா இருக்கிறதை துருக்கி டாக்டர் இஸ்ஸத்தின் பரிஷ் 1970கள்ல கண்டுபிடிச்சார். காரணம் அந்த ஊர்க் கல்லுல இருக்கிற எரியோனைட்ங்கிற நார் நாரான கனிமம், கேன்சர் உண்டாக்கும்னு உலக அளவுல உறுதிப்படுத்தினது. அந்தக் கல்லுல வீடு கட்டி பிறந்ததுல இருந்து அந்தத் தூசியை சுவாசிச்சவங்களுக்கு வந்த நோய் அது. டஃப் எல்லாத்துலயும் அது இருக்குன்னு அர்த்தம் இல்ல, வழக்கமா சுத்திப் பாக்கிற பாதையிலயும் அந்த ஊருங்க வராது, நாலு நாள் சுத்திப் பாக்க போறவங்களை அதோட ஒப்பிடவே முடியாது. நானா இருந்தா என் குடும்பத்தைத் தயங்காம கூட்டிட்டுப் போவேன்.

கொரேமே திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு காலை ஒதுக்குங்க. இது 1985ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கிற பகுதியோட மையம். ஏத்தம் உண்டு, ஆனா அம்மா உக்காந்து உக்காந்து வரலாம், எல்லாக் கோயிலுக்கும் ஏறணும்னு இல்ல. தோகாலி கோயில் வாசலுக்கு வெளிய, ரோடு ஓரமா தனியா இருக்கு, நிறைய பேர் டயர்டாகி அதை விட்டுட்டு போயிடறாங்க, தயவுசெஞ்சு விடாதீங்க, 10ம் நூற்றாண்டு ஓவியம், அந்த ஆழமான நீலம் வேற எங்கயும் இப்படி இல்ல. கரன்லிக் கோயில்ல வெளிச்சம் உள்ள வர்றதே கொஞ்சம்தான், அதனாலயே 11ம் நூற்றாண்டு சாயம் அவ்வளவு புதுசா இருக்கு, தனி டிக்கெட் வாங்கச் சொன்னா வாங்கிடுங்க. சில கோயில்ல நேரா பாறை மேலயே சிவப்புக் காவியால கோடும் கட்டமும் போட்டிருக்கும், இது 726ல இருந்து 843 வரைக்கும் உருவப்படம் கூடாதுன்னு இருந்த காலத்து வேலைன்னு சொல்வாங்க, ஆனா குடைஞ்சு முடிச்ச உடனே கோயிலைத் திறக்கறதுக்காக அவசரமா போட்ட முதல் அலங்காரமாவும் இருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க, சிவப்புக் கோடு பாத்த உடனே காலத்தைச் சொல்லிட முடியாது. அதே மாதிரி இது முழுக்க துறவிகள் இடம்னு ரொம்ப நாளா நம்பிட்டு இருந்தாங்க, ராபர்ட் ஊஸ்டர்ஹௌட், வெரோனிகா காலாஸ் மாதிரி ஆய்வாளர்கள் முற்றம் வச்ச பல பெரிய வளாகங்க பணக்காரக் குடும்பங்களோட மாளிகைன்னு வாதாடியிருக்காங்க. சண்டை இன்னும் முடியலை, எனக்கு அவங்க பக்கம்தான் நியாயமா படுது, அவ்வளவு பெரிய தொழுவமும் வரவேற்புக் கூடமும் துறவிக்கு எதுக்கு.

பசங்களுக்கு அங்க ஒரு வேலை குடுங்க, கீழ்ப்பாதி உடைஞ்சு போய் மேல்பாதி மட்டும் கூரையில இருந்து தொங்கிட்டு இருக்கிற தூணைத் தேடச் சொல்லுங்க. கிடைக்கும். கட்டின கோயில்ல தூண் போனா கூரை கீழ விழும், இங்க தூண் எதையுமே தாங்கலை, கட்டடக் கோயில் மாதிரி தெரியணும்னு பாறையிலயே விட்டு வச்ச வடிவம், பாறை தன்னைத்தானே தாங்கிக்குது. அப்புறம் சாப்பாட்டுக் கூடத்துல மேசை, பெஞ்சு எல்லாமே தரைப் பாறையிலயே செதுக்கினது இருக்கு, சமையல் ரூம் தரையில தந்தூர்ங்கிற அடுப்புக் குழி, சுவத்துல விளக்கு மாடம், கூரையில புகைக்கரி, சாஞ்ச கோடு கோடா பிக்காஸ் தடம். ஆறு வயசுக்காரனுக்கு நூற்றாண்டுக் கணக்கு ஒண்ணும் புரியாது, யார் வீட்டு அடுப்பு இதுன்னா நல்லா புரியும்.

மத்த நாளுக்கு, பாஷாபாக் அம்மாவுக்குப் பிடிக்கும், பெரும்பாலும் சமதளமா நடக்கலாம், பக்கத்துலயே ஜெல்வே, அங்க படியும் ஏத்தமும் உண்டு, முன்பக்கம் பாத்துட்டு அவங்க உக்காந்துடலாம். பாறை முகப்புல சின்னச் சின்ன சதுர ஓட்டை, சுத்தி வெள்ளை பூசி கோலம் மாதிரி வரைஞ்சது எல்லாம் புறாக்கூடு, அந்த எச்சம்தான் திராட்சைத் தோட்டத்துக்கு உரம், கைவிட்ட கோயில்களையும் அடைச்சு புறாவுக்கு விட்டிருக்காங்க, அப்படி அடைச்சதால தப்பிச்ச ஓவியமும் உண்டு. ஒர்தாஹிசார் பக்கம் இன்னைக்கும் மத்தியதரைக்கடல் பக்கத்துல இருந்து வர்ற எலுமிச்சையை டஃப் குகைக் கிடங்குல அடுக்கி வைக்கிறாங்க, கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ். இஹ்லாரா பள்ளத்தாக்கு 14 கிலோமீட்டர், முதன்மை வாசல்ல கீழ இறங்கவே நூத்துக்கணக்கான படி, அதைத் தவிர்த்துட்டு பெலிசிர்மா கிராமத்துக்கு வண்டியில போயிடுங்க, அங்க ஆத்தங்கரை வரைக்கும் ரோடு இருக்கு, அம்மா மரத்தடியில உக்காந்து டீ குடிக்க, நீங்க பசங்களோட கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம். அந்தப் பள்ளத்தாக்கு முடியற இடத்துல பாறையில குடைஞ்ச செலிமே மடாலயம் அழகுதான், ஆனா வழுக்குற ஏத்தம், அம்மாவுக்கு வேண்டாம்.

சூடான காத்து பலூன்ல ஏறிப் பாக்கிற விஷயம் சுருக்கமா, சின்னப் பசங்களை பெரும்பாலும் ஏத்த மாட்டாங்க, வயசு வரம்பு கம்பெனிக்கு கம்பெனி மாறும், கேட்டுட்டு பணம் கட்டுங்க. கூடையில ஏறி இறங்கறதும் தரை இறங்கும்போது முட்டி மடக்கறதும் அம்மாவுக்குக் கஷ்டம். காத்து சரியில்லன்னா அன்னைக்குக் காலையில ரத்து பண்ணிடுவாங்க, அதனால பயணத்தோட முதல் காலைக்கே புக் பண்ணிட்டா, ரத்தானாலும் மிச்ச நாள் கையில இருக்கும். கீழ இருந்து பாக்கறதும் காசு இல்லாம கிடைக்கிற நல்ல காட்சிதான்.

தங்கறதுக்கு குகை ரூம் எடுக்கப் போறீங்கன்னா மூணு விஷயம் எழுதியே கேட்டுடுங்க, ரூமுக்கு ஜன்னல் உண்டா, வாசல்ல இருந்து ரூம் வரைக்கும் எத்தனை படி, நிஜமாவே குடைஞ்சதா இல்ல வெட்டின கல்லுல வளைவா கட்டினதா. கட்டின ரூம் மட்டம்னு நான் சொல்லலை, அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு, ஈரம் ஒத்துக்காத உடம்புன்னா கட்டின ரூம்தான் நல்லது, குடைஞ்ச ரூம்ல எவ்வளவு நல்லா வச்சிருந்தாலும் கொஞ்சம் ஈரவாடை இருக்கும். எந்த மாசம் போறீங்கன்னு நீங்க எழுதலை. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும்னா பனி உண்டு, ஊர் ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கு, படியெல்லாம் உறைஞ்சு வழுக்கும், அப்படின்னா நான் மேல சொன்னதுல ஜெல்வேயை விட்டுட்டு அந்த நேரத்தை முஸ்தஃபாபாஷாங்கிற ஊர்ல பழைய கிரேக்கக் கல்வீடுங்களைப் பாக்க வச்சுக்கோங்க. மாசத்தை எழுதினா எந்த நாள் எங்கன்னு இன்னும் சரியா பிரிச்சு சொல்றேன்.